கப்பலில் ஏர் டிராஃபிக் கன்ட்ரோலர் ஆவது பற்றி: நாங்குநேரி மாணவிக்கு ஒரு பதில்

நாங்குநேரிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு கல்லூரி மாணவி கேட்டிருக்கிறார். இ.சி.இ. மூன்றாம் ஆண்டு படிக்கிறார். அமெரிக்க விமானந்தாங்கிக் கப்பல் ஒன்றில் ராத்திரியில் போர் விமானங்கள் இறங்கும் வீடியோவைப் பார்த்ததிலிருந்து, மேலே கண்ணாடி அறையில் மைக்கைப் பிடித்துக்கொண்டு அதட்டுகிறவரின் வேலைதான் தனக்கு வேண்டும் என்று மனசில் விழுந்துவிட்டதாம். நம் கடற்படையில் பெண்களுக்கு அந்த வேலை கிடைக்குமா, சர்வீஸ் முழுக்கக் கப்பலிலேயே கிடக்க வேண்டுமா, பத்து வருஷத்தில் வெளியே அனுப்பிவிடுவார்கள் என்கிறார்களே, அப்புறம் என்ன செய்வது என்று கேட்கிறார். கூடவே அம்மாவின் கேள்வி ஒன்று: "விஜயநாராயணத்துலயே நேவி இருக்கே, அங்கேயே போஸ்டிங் வாங்க முடியாதா?" கேள்விகள் நான்கு. நான் படித்தவரை உள்ளே இருப்பது ஒன்றுதான்: இந்த வேலையை நம்பி என் இருபதுகளைக் கொடுக்கலாமா? அதை மனசில் வைத்துக்கொண்டே எழுதுகிறேன்.

நான் பாளையங்கோட்டைக்காரன். கடற்படையில் வான் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு (ஏ.டி.சி.) அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவன். கோவா, விசாகப்பட்டினம், அரக்கோணம், அந்தமான் என்று விமானத் தளங்களிலும், இடையில் ஐ.என்.எஸ். விராட் என்ற விமானந்தாங்கிக் கப்பலிலும் வேலை பார்த்தேன். விராட்டில் நான் இருந்தது சீ ஹாரியர் விமானங்களின் காலம். இன்றைய விக்ரமாதித்யா, விக்ராந்த் கப்பல்களில் பறக்கும் மிக்-29கே விமானங்களை நான் கரையிலிருந்து மட்டுமே கையாண்டிருக்கிறேன். அதனால் தளத்தின் குறுக்கே கட்டிய கம்பியில் தன் கொக்கியை மாட்டி நிற்கும்படி விமானம் இறங்குவதைப் பற்றி இங்கே எழுதுவது நான் படித்ததும், கூட வேலை பார்த்தவர்கள் வாயால் கேட்டதும். நம் கடற்படையின் உள் நடைமுறைகளைப் பொதுவில் எழுத மாட்டேன். அமெரிக்கர்களின் நடைமுறை பெருமளவு வெளியில் கிடைக்கிறது, நீங்கள் பார்த்ததும் அவர்கள் கப்பல்தான் என்பதால் உதாரணங்களை அங்கிருந்தே எடுக்கிறேன்.

அம்மாவின் கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். விஜயநாராயணத்தில் இருப்பது ஐ.என்.எஸ். கட்டபொம்மன். 1990-லிருந்து இயங்குகிறது. தண்ணீருக்குள் இருக்கும் நீர்மூழ்கிகளுக்கு மிகத் தாழ்ந்த அலைவரிசையில் செய்தி அனுப்பும் நிலையம் அது. 471 மீட்டர் உயரத்துக்கு அங்கே கம்பங்கள் நிற்பது அதற்காகத்தான். அங்கே ஓடுதளம் கிடையாது, ஏ.டி.சி. டவரும் கிடையாது. எங்கள் ஆட்களுக்கு அந்தக் கம்பங்கள் வரைபடத்தில் உயரம் குறித்து வைத்து விலகிப் போக வேண்டிய ஒரு தடை, அவ்வளவுதான். நம் ஊருக்குப் பக்கமாகக் கடற்படை விமானத் தளம் வேண்டுமென்றால் ராமேஸ்வரம் போகும் வழியில் உச்சிப்புளியில் ஐ.என்.எஸ். பருந்து இருக்கிறது. அங்கே போஸ்டிங் கிடைக்க வாய்ப்பு உண்டு. ஆனால் ஊருக்குப் பக்கம் என்பதை ஒரு காரணமாக வைத்து இந்த வேலைக்கு வந்தவர்கள் நிம்மதியாக இருந்து நான் பார்த்ததில்லை. அம்மாவிடம் இதை இப்போதே சொல்லிவிடுங்கள்.

இனி அந்த வீடியோ. கண்ணாடி அறையில் நீங்கள் பார்த்தவர் கன்ட்ரோலர் இல்லை. அமெரிக்கர்கள் அவரை ஏர் பாஸ் என்கிறார்கள். பல வருஷம் பறந்த மூத்த விமானி அவர். தளத்திலும் கப்பலைச் சுற்றியுள்ள சில மைல் வானத்திலும் அவர் சொல்தான் கடைசிச் சொல். நம் கடற்படை பிரிட்டிஷ் வழக்கத்தில் வளர்ந்தது, அந்த அறையை ஃப்ளைகோ என்போம், அங்கே பொறுப்பில் இருப்பவரும் பறப்பவர்தான். தளத்தின் பின்பக்க ஓரத்தில் காற்றில் நின்றுகொண்டு, இறங்கும் விமானத்தைக் கண்ணால் பார்த்து வழிநடத்துகிறாரே, அவரும் விமானிதான். கன்ட்ரோலர்கள் வீடியோவில் வரவே மாட்டார்கள். ஓடுதளத்துக்குக் கீழே, ஜன்னல் இல்லாத, ஏ.சி. குளிர் உறைக்கும் இருட்டு அறையில் ரேடார் திரைக்கு முன்னால் ஹெட்செட்டோடு உட்கார்ந்திருப்பார்கள். தலைக்கு மேலே விமானம் வந்து அறைவது அவர்களுக்குச் சத்தமாகத்தான் தெரியும். உங்களுக்குப் பிடித்தது அந்தக் கண்ணாடி அறை என்றால் நீங்கள் விண்ணப்பிக்க வேண்டியது விமானிப் பிரிவுக்கு. இருட்டு அறை பிடிக்கும் என்றால் மேலே படியுங்கள்.

அந்த அறையில் நடப்பதைக் கொஞ்சம் விரித்தே சொல்கிறேன், ஏனென்றால் இந்தத் தொழிலின் உயிர் அங்கேதான். பகலில், மேகம் 3000 அடிக்கு மேலே, பார்வை 5 மைலுக்குக் குறையாமல் இருந்தால் விமானிகள் கண்ணாலேயே கப்பலைப் பார்த்து, அதிகம் பேசாமல் வட்டமடித்து வந்து இறங்கிவிடுவார்கள். கன்ட்ரோலருக்கு அப்போது வேலை குறைவு. இரவில், அல்லது மேகம் 1000 அடிக்குக் கீழே வந்துவிட்டால், நிலைமை தலைகீழ். திரும்பி வரும் எல்லா விமானங்களையும் கப்பலுக்குப் பின்னால் அடுக்கடுக்காக நிறுத்தி வைப்பார்கள். ஒவ்வொருவருக்கும் இடையில் 1000 அடி உயரம். எங்கே நிற்பது என்பதற்கு அவர்களிடம் ஒரு சின்னக் கணக்கு உண்டு: உயரத்தை ஆயிரம் அடியில் எடுத்து அதோடு 15-ஐக் கூட்டினால் கப்பலிலிருந்து இருக்க வேண்டிய தூரம் கடல் மைலில் வந்துவிடும். 6000 அடியில் இருப்பவர் 21 மைலில், 7000 அடியில் இருப்பவர் 22 மைலில். பிறகு ஒவ்வொரு விமானிக்கும் ஒரு நேரம் கொடுக்கப்படும், நிமிடத்துக்கு ஒருவர். அந்த நேரத்துக்குச் சரியாக அந்த இடத்தில் இருந்து கீழே இறங்கத் தொடங்க வேண்டும். கன்ட்ரோலர் உருவாக்குவது இந்த ஒரு நிமிட இடைவெளியைத்தான். முன்னவர் இறங்கி, கம்பியிலிருந்து கழன்று, தளத்தை விட்டு நகர்வதற்குள் பின்னவர் வந்துவிடக் கூடாது. வெகு நேரம் கழித்தும் வரக் கூடாது, ஏனென்றால் அவருக்குப் பின்னால் வரிசையில் இருக்கும் எல்லோருடைய எரிபொருளும் கரைந்துகொண்டிருக்கிறது.

கீழே வரும் விமானம் 1200 அடியில் சமனாகி, பத்து மைல் வாக்கில் சக்கரத்தை இறக்கி, மூன்று மைலுக்குள் கடைசிச் சரிவில் நுழையும். கடைசிக் கட்டத்துக் கன்ட்ரோலர் இடமா வலமா, சரிவுக்கு மேலா கீழா என்று ஒரே தொனியில் சொல்லிக்கொண்டே வருவார். முக்கால் மைலில் அவர் சொல்வது, "த்ரீ குவார்ட்டர் மைல், கால் தி பால்." பால் (பந்து) என்பது கப்பலின் ஓரத்தில் இருக்கும் விளக்கு வரிசையின் நடு வெளிச்சம். அது தன் கண்ணில் பட்டுவிட்டதா என்று விமானி சொல்ல வேண்டும். அவர் விமானத்தின் எண்ணையும், "பால்" என்ற சொல்லையும், மிச்சமிருக்கும் எரிபொருளையும் சொல்வார். தளத்தின் ஓரத்தில் நிற்பவர் "ரோஜர் பால்" என்பார். அந்த நொடியிலிருந்து கன்ட்ரோலர் வாய் திறக்கக் கூடாது. இருபது மைல் கூட்டிக்கொண்டு வந்தவர், விமானம் தளத்தைத் தொடப் போகும் அந்தப் பதினைந்து சொச்சம் விநாடி மௌனமாக இருக்க வேண்டும். கொக்கி எந்தக் கம்பியிலும் மாட்டாமல் விமானம் தளத்தை உரசிக்கொண்டு மறுபடி மேலே போய்விட்டால், அடுத்த விநாடியே அது திரும்பவும் கன்ட்ரோலரின் கையில். வரிசையில் அதற்கு ஓர் இடம் கண்டுபிடித்துச் சொருக வேண்டும், மற்றவர்களின் நேரத்தைக் குலைக்காமல். எத்தனை முறை சுற்ற அதனிடம் எரிபொருள் இருக்கிறது, கரைக்குத் திருப்பி விட வேண்டிய அளவை எப்போது தொடும் என்பது கணக்காக மண்டையில் ஓடிக்கொண்டே இருக்கும். கரை எட்டாத நடுக்கடலில் அந்தக் கணக்குக்கும் இடம் இல்லை. இறங்கினால் இந்தக் கப்பலில்தான்.

கரையில் வேலை பார்த்துவிட்டுக் கப்பலுக்கு வருகிறவர்களுக்கு முதலில் பிடிபடாதது ஓடுதளம் நகர்வதுதான். தூத்துக்குடி விமான நிலையம் இருக்கும் வாகைக்குளத்தில் ஓடுதளம் எந்தத் திசையில் போட்டார்களோ அங்கேதான் கிடக்கும். கப்பலோ காற்றை நோக்கித் திரும்பும். காற்று மாறினால் ஓடுதளத்தின் திசையே மாறிவிடும். 20 நாட் (மணிக்கு 20 கடல் மைல்) வேகத்தில் ஒன்றரை மணி நேரம் போனால் கப்பல் 30 கடல் மைல், அதாவது சுமார் 55 கிலோமீட்டர் நகர்ந்திருக்கும். தூத்துக்குடியில் கிளம்பியவர் திரும்பி வரும்போது ஓடுதளம் திருநெல்வேலியில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். போதாததற்கு, அமெரிக்கக் கப்பல்களில் இறங்கும் தளம் கப்பலின் நேர்கோட்டிலிருந்து ஒன்பது டிகிரி அளவுக்கு இடப்பக்கமாகச் சாய்த்து வரையப்பட்டிருக்கிறது. கப்பல் முன்னே போய்க்கொண்டிருப்பதால், பின்னாலிருந்து வரும் விமானிக்கு இறங்கும் இடம் வலப்பக்கமாக வழுக்கிக்கொண்டே போவதுபோல இருக்கும். கன்ட்ரோலரும் அந்த வழுக்கலுக்குச் சேர்த்துத்தான் திசை சொல்ல வேண்டும். நம் விக்ராந்தின் மொத்த நீளமே 262 மீட்டர். அதில் இறங்குவதற்கு மூன்று கம்பிகள். வாகைக்குளத்தின் பழைய ஓடுதளம் 1350 மீட்டர் இருந்தது, அதையே சின்னது என்று பேசிக்கொண்டிருந்தோம்.

நகர்வதில் ஒரு வசதியும் உண்டு. விராட்டில், தென்மேற்குப் பருவக்காற்று நாட்களில் அரபிக்கடலில், ஒரு ஜோடி சீ ஹாரியர் திரும்பி வந்துகொண்டிருந்தது. சீ ஹாரியர் கப்பலின் இடப்பக்கமாக வந்து இணையாகப் பறந்து, அந்தரத்தில் நின்று, பக்கவாட்டில் நகர்ந்து தளத்தில் உட்காரும். அப்படி அந்தரத்தில் நிற்பது எரிபொருளை மடமடவென்று குடிக்கும் காரியம், அதிக நேரம் நிற்க முடியாது. அந்த நேரம் பார்த்துக் கப்பலின் பின்னால் ஒரு மழைத்திரை. ரேடாரில் அது வெள்ளையாகப் பரவிக்கொண்டு வருகிறது, விமானங்கள் இரண்டும் அதற்கு அந்தப் பக்கம். கரையில் என்றால் வேறு விமான நிலையத்துக்குப் போகச் சொல்வதைத் தவிர வழி இல்லை. நாங்கள் கப்பலைச் செலுத்துகிற அறையான பிரிட்ஜுக்குப் பேசினோம். கப்பல் திரும்பியது. சில நிமிடத்தில் மழைத்திரையின் ஓரத்தில் ஒரு தெளிந்த பாதை திறந்தது, அந்தப் பாதையில் இருவரையும் ஒருவர் பின் ஒருவராகக் கூட்டி வந்தோம். ரேடாரைப் பார்த்துக்கொண்டிருந்த எங்கள் மாலுமி மழையின் விளிம்பைத் திரையில் கண்ணாடிப் பென்சிலால் கோடு போட்டுக் கோடு போட்டு, அது எந்தப் பக்கம் நகர்கிறது என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அந்தக் கோடுகளை நம்பித்தான் பிரிட்ஜுக்குத் திசை சொன்னேன். விமான நிலையத்தையே வானிலைக்கு ஏற்ப நகர்த்திக் கொடுக்கிற வேலை உலகத்தில் இது ஒன்றுதான். எனக்கு இந்தத் தொழில்மேல் உள்ள பிரியம் அந்த மாதிரி நாட்களால் வந்தது.

இவ்வளவு ஆசை காட்டிவிட்டு, நீங்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டியதைச் சொல்கிறேன். இந்தியாவிடம் இருக்கும் விமானந்தாங்கிக் கப்பல்கள் இரண்டு: 2013-ல் சேர்ந்த விக்ரமாதித்யா, 2022 செப்டம்பர் 2-ல் கொச்சியில் சேர்ந்த விக்ராந்த். ஹெலிகாப்டர் ஏறி இறங்கும் மற்றப் போர்க்கப்பல்களில், அந்தக் கப்பலின் அதிகாரிகளும் மாலுமிகளுமே அதற்கான பயிற்சி எடுத்துக்கொண்டு அந்த வேலையைச் செய்கிறார்கள், ஏ.டி.சி. அதிகாரி என்று தனியாக ஒருவரைப் போடுவதில்லை. ஆக, கடலில் நம் பிரிவுக்கு இருக்கும் நாற்காலிகள் குறைவு. சர்வீஸின் பெரும்பகுதி கரைத் தளங்களில்தான் போகும். அதில் எந்த மாற்றமும் சீக்கிரம் வரும் என்று நான் நினைக்கவில்லை. கப்பல் போஸ்டிங் யாருக்கு எப்போது வரும் என்பதை யாராலும் உறுதி சொல்ல முடியாது. சொல்கிறவரை நம்ப வேண்டாம்.

கரை வேலை சாதாரணமானது என்று எண்ணிவிடாதீர்கள். கோவாவின் டபோலிம் கடற்படையின் தளம், ஐ.என்.எஸ். ஹன்ஸா. அங்கே பயணிகள் விமானங்களையும் இறக்குவது கடற்படைக் கன்ட்ரோலர்தான். விசாகப்பட்டினத்தில் ஐ.என்.எஸ். டேகாவிலும் அப்படியே. ஒரே ஓடுதளத்துக்கு நூற்றெண்பது பேர் உட்கார்ந்த ஏர்பஸ் ஒரு பக்கம் வருகிறது, மிக்-29கே ஜோடி அதைவிட வேகமாக இன்னொரு பக்கம், நடுவில் மெதுவாக ஒரு டோர்னியர், ஓரத்தில் ஹெலிகாப்டர். நான்குக்கும் நான்கு வேகம். முன்னே போகிறதைப் பின்னே வருகிறது எட்டிப் பிடிக்கும் நேரத்தை மனசுக்குள் போட்டுக்கொண்டே பேச வேண்டும். அரக்கோணம் ஐ.என்.எஸ். ராஜாளியிலிருந்து பி-8ஐ விமானங்கள் கடல் கண்காணிப்புக்குக் கிளம்பி வெகு நேரம் கழித்துத் திரும்பும். கிரேட் நிகோபாரில் கேம்பல் பேயில் ஐ.என்.எஸ். பாஸ் இருக்கிறது, 2012-ல் தொடங்கியது. அங்கே வேலை வேறு மாதிரி. நாள் முழுக்க வானம் காலியாக இருக்கும். ராத்திரி இரண்டு மணிக்கு ஒரே ஒரு விமானத்துக்காக விழித்திருந்து, ஓடுதள விளக்கைச் சரிபார்த்து, தீயணைப்பு வண்டியைத் தயாராக நிறுத்தி, காற்றையும் அழுத்தத்தையும் இரண்டு முறை பார்த்துக் குறித்து வைத்துக் காத்திருக்க வேண்டும். அந்த ஒரு விமானத்துக்கும் கோவாவின் காலை நெரிசலுக்குக் கொடுத்த அதே கவனத்தைக் கொடுக்க முடியுமா என்று உங்களையே கேட்டுப் பாருங்கள். முடியும் என்றால் நீங்கள் இந்த வேலைக்குச் சரியான ஆள். கப்பல் மட்டுமே வேண்டும் என்றால் ஐந்தாறு வருஷத்தில் கசந்துவிடும்.

பெண்களுக்கு இந்தப் பிரிவு நிச்சயம் திறந்திருக்கிறது, அதுவும் புதிதாக அல்ல. கடற்படை அதிகாரிப் பணியில் பெண்களைச் சேர்க்கத் தொடங்கியது 1992-ல். ஏ.டி.சி.யில் பெண் அதிகாரிகள் பல வருஷமாக இருக்கிறார்கள், என்னோடு வேலை பார்த்திருக்கிறார்கள், டவரில் எனக்கு மேலதிகாரியாக இருந்தவரும் உண்டு. குறுகிய காலப் பணியில் சேர்ந்த பெண்களுக்கு நிரந்தரப் பணி மறுக்கப்பட்டு வந்ததை எதிர்த்து வழக்குப் போட்டவர்களில் ஏ.டி.சி. அதிகாரிகளும் இருந்தார்கள். 2020 மார்ச் 17-ல் உச்ச நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது, ஆண்களோடு சமமாகப் பரிசீலிக்க வேண்டும் என்று. விக்ராந்தைக் கட்டும்போதே பெண் அதிகாரிகளுக்கும் மாலுமிகளுக்கும் தனி அறைகள் வைத்துத்தான் கட்டினார்கள். ஆகவே பெண் என்பதால் கப்பல் கிடைக்காது என்று உங்களிடம் யாராவது சொன்னால் அது பழைய கதை. நிரந்தரப் பணி மட்டும் காலியிடத்தையும் உங்கள் ஆண்டறிக்கைகளையும் பொறுத்தது. அதை உரிமையாகக் கேட்கலாம், உறுதியாக எண்ணிக்கொண்டு வீட்டுக் கடன் வாங்கக் கூடாது.

சேரும் வழி சுருக்கமாக. இது ஷார்ட் சர்வீஸ் கமிஷன், அதாவது மேலே சொன்ன குறுகிய காலப் பணி. நான் கடைசியாகப் பார்த்த அறிவிப்புகளில் ஏதாவது ஒரு பிரிவில் பி.இ. அல்லது பி.டெக்., 60 சதவீதத்துக்குக் குறையாமல் இருக்க வேண்டும். பத்தாவதிலும் பன்னிரண்டாவதிலும் மொத்தத்தில் 60 சதவீதம், அந்த இரண்டில் ஒன்றில் ஆங்கிலத்தில் 60 சதவீதம். மதிப்பெண்ணை வைத்துப் பட்டியல் எடுத்து எஸ்.எஸ்.பி. என்ற அதிகாரித் தேர்வுக்குக் கூப்பிடுவார்கள். ஐந்து நாள். முதல் நாளே ஒரு புத்திக்கூர்மைத் தேர்வும், ஒரு மங்கலான படத்தைக் காட்டிக் கதை எழுதி அதைக் குழுவில் பேசச் சொல்வதும் நடக்கும். பாதிப் பேர் அன்றைக்கு மதியமே பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். முதல் முறை தேறாமல் இரண்டாம், மூன்றாம் முறை தேறிய அதிகாரிகள் ஏராளம், அதனால் ஒரு முறை திரும்பி வந்ததை வைத்துத் தீர்ப்பு எழுதிக்கொள்ள வேண்டாம். தேர்வானால் கேரளத்தில் எழிமலையில் உள்ள கடற்படை அகாடமியில் 22 வாரம், நம் ஊரிலிருந்து போனால் பய்யனூரில் இறங்க வேண்டும். பிறகு தொழிற்பயிற்சி. அதற்கும் பிறகு ஒரு தளத்தில் மூத்த கன்ட்ரோலர் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் எப்போது வேண்டுமானாலும் மைக்கைப் பிடுங்கிக்கொள்ளும் நிலையில் மாதக்கணக்கில் பழக வேண்டும். ஒரு தளத்தில் தேர்ச்சி பெற்றதை வைத்து அடுத்த தளத்தில் நேராக உட்கார முடியாது, அங்கே போய் மறுபடி பழகித் தேர்ச்சி பெற வேண்டும். சப் லெப்டினன்ட் அடிப்படைச் சம்பளம் 56,100 ரூபாயில் தொடங்கும், அதன்மேல் ராணுவச் சேவை ஊதியம் 15,500, மற்றப் படிகள் தனி. வயது வரம்பும் காலியிடமும் ஒவ்வொரு முறையும் மாறும், அந்தந்த அறிவிப்பில் மட்டும் பாருங்கள், யூடியூப்பில் பார்க்காதீர்கள்.

ஆங்கிலம் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் நம் பக்கத்துப் பிள்ளைகள் எல்லோருக்கும் உள்ளே இருக்கும் பயம் அதுதான் என்று எனக்குத் தெரியும். நானும் தமிழ் மீடியத்தில் படித்தவன். எஸ்.எஸ்.பி.யில் சரளமாகப் பேச வேண்டும், அதற்குத் தயார் செய்யத்தான் வேண்டும். வானொலியில் பேசும் ஆங்கிலம் வேறு. அது வரையறுத்த சில நூறு சொற்றொடர்கள். அழகு தேவையில்லை, தெளிவு தேவை. ஃபைவும் நைனும் இரைச்சலில் ஒன்றுபோலக் கேட்கும் என்பதால் ஒன்றை ஃபைஃப் என்றும் மற்றதை நைனர் என்றும் சொல்கிறோம். நெல்லைக்காரர்களுக்குப் பேச்சு வேகம் அதிகம், அதைப் பாதியாகக் குறைக்க எனக்கு நிறைய நாள் பிடித்தது. பேசுவதைவிடக் கேட்பது கடினம். நீங்கள் 3000 அடி என்று சொன்னதை விமானி திருப்பிச் சொல்வார். அவர் 2000 என்று திருப்பிச் சொன்னால் அந்த நொடியே உங்கள் காது அதைப் பிடிக்க வேண்டும். நாம் சொன்னதையே அவரும் சொல்லியிருப்பார் என்று மனசு எதிர்பார்க்கும், அந்த எதிர்பார்ப்பில் காது ஏமாந்துபோகும். புதிதாகப் பழகுகிறவர்களிடம் நான் முதலில் பார்ப்பது, அவர் பேசி முடித்த பிறகு திரும்பி வரும் பதிலுக்காகக் காத்திருக்கிறாரா, இல்லை கை அடுத்த ஸ்ட்ரிப்புக்கு, அதாவது அடுத்த விமானத்தின் விவரம் குறித்த சீட்டுக்குப் போய்விட்டதா என்பதைத்தான்.

பத்து வருஷத்துக்குப் பிறகு என்ன என்பதில் உறுதியானவற்றை முதலில் சொல்கிறேன். ஆரம்பப் பணிக்காலம் பத்து ஆண்டு, அதற்கு மேல் நான்கு ஆண்டு வரை நீட்டிப்பு என்பதுதான் நான் அறிந்த வழக்கமான ஏற்பாடு. நிரந்தரப் பணி கிடைக்காமல் வெளியே வந்தால் ஓய்வூதியம் கிடையாது. பணிக்கொடையும் சேமிப்பும் உண்டு. பாதுகாப்புத் துறையின் மறுவாழ்வுப் பிரிவு ஐ.ஐ.எம்.களில் நடத்தும் மேலாண்மைப் படிப்புகளுக்குப் போகலாம். பலர் போய் நல்ல நிலையில் இருக்கிறார்கள். விமான நிலைய இயக்கம், விமான நிறுவனங்களின் கட்டுப்பாட்டு அறை போன்ற இடங்களில் நம் ஆட்களை மதிக்கிறார்கள். ஆனால் வெளியே வந்ததும் சென்னை ஏர்போர்ட் டவரில் உட்கார்ந்துவிடலாம் என்று மட்டும் எண்ணாதீர்கள். ஏர்போர்ட்ஸ் அத்தாரிட்டி கன்ட்ரோலர்களைத் தனித் தேர்வு வைத்து எடுக்கிறது, பொதுப் பிரிவுக்கு வயது வரம்பு 27. சலுகை ஏதாவது கிடைத்தாலும், முப்பத்தைந்தை நெருங்கும்போது அந்தக் கதவு உங்களுக்கு ஏறக்குறைய மூடியிருக்கும்.

அதனால் ஒரு யோசனை. விமானங்களை வழிநடத்துவதுதான் உங்களை இழுக்கிறது, கடலும் சீருடையும் இரண்டாம்பட்சம் என்றால், அந்த ஏர்போர்ட்ஸ் அத்தாரிட்டித் தேர்வை இப்போதே எழுதுங்கள். பொறியியலில் ஏதாவது ஒரு செமஸ்டரில் இயற்பியலும் கணிதமும் படித்திருந்தால் போதும். ஜூனியர் எக்ஸிக்யூட்டிவ் பதவி, ஓய்வு வயது வரை வேலை. வாகைக்குளத்தில் ஓடுதளத்தை நீட்டி 2025 ஜூலையில் புது முனையமும் திறந்துவிட்டார்கள், நம் பக்கமே வேலை வளர்கிறது. அம்மாவுக்கும் அது சந்தோஷம். கடலும் சேர்ந்துதான் இழுக்கிறது என்றால் கடற்படை. இரண்டுக்கும் விண்ணப்பிப்பதில் தப்பு ஒன்றும் இல்லை.

ஆளின் சுபாவம் பற்றி என் அனுபவத்தில் தோன்றுவதை மட்டும் சொல்கிறேன், இதற்கு அளவுகோல் எதுவும் கிடையாது. அதிகம் பேசுகிறவர்களைவிட ஒரே சமயத்தில் மூன்று விஷயத்தை நினைவில் வைத்திருக்கிறவர்கள் இதில் நன்றாக வருகிறார்கள். கோபத்தில் குரல் உயருகிறவர்கள் சிரமப்படுகிறார்கள், ஏனென்றால் அந்தப் பதற்றம் ஹெட்செட் வழியாக விமானிக்கு அப்படியே போய்ச் சேர்ந்துவிடும். தூக்கம் குலைவது உண்மை. ராத்திரி ஷிஃப்ட் முடித்துப் பகலில் தூங்கப் பழக வேண்டும். கப்பலில் அடுத்த படுக்கையில் இருப்பவர் எழும் நேரத்தில் நீங்கள் படுப்பீர்கள். கடல் குமட்டலுக்குப் பயப்படாதீர்கள், பெரும்பாலோருக்குச் சில நாளில் அடங்கிவிடுகிறது.

நீங்கள் முதலில் செய்ய வேண்டியது கண் பரிசோதனை. நிறப் பார்வையில் குறை இருந்தால் மற்ற எல்லாத் தயாரிப்பும் வீண், அது பயிற்சியில் சரியாவதும் இல்லை. பாளையங்கோட்டையில் நல்ல கண் மருத்துவர்கள் இருக்கிறார்கள். நிறப் பார்வை, தூரப் பார்வை இரண்டையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். கண்ணாடி போட்டிருந்தால் எந்த அளவு வரை ஏற்பார்கள் என்பதை அறிவிப்போடு வரும் மருத்துவ விதியில்தான் ஒப்பிட வேண்டும், அதில் என் சொல்லை வைத்து முடிவெடுக்காதீர்கள், நான் மருத்துவன் அல்ல. அடுத்து பத்தாவது, பன்னிரண்டாவது மதிப்பெண் பட்டியலை எடுத்து ஆங்கிலத்தில் 60 இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் சரியாக இருந்தால், ஏழாவது செமஸ்டர் தொடங்குவதற்குள் உங்கள் மொத்த சதவீதத்தை எழுதுங்கள், எந்த அறிவிப்புக்கு எப்போது போடலாம் என்பதைச் சேர்ந்து பார்ப்போம்.